பதினொரு மீட்டர்

14 நவம்பர் 2071. இன்று ஒரு தவறு செய்தேன். ஏழாவது ஏற்றத்தில் மழை பிடித்தபோது, தூக்கக் கலக்கத்தில் உயரமானியைச் சரிபார்க்க மறந்துவிட்டேன். காற்றழுத்தம் குறைந்தால் அது உயரத்தைக் கூட்டிக் காட்டும். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தப் பாடம் எடுக்கும்போதுதான் உறைத்தது.

இப்போது எல்லோரும் வீட்டு அறையிலேயே நகராத சைக்கிளில் எவரெஸ்ட் உயரம் மிதித்துவிடுகிறார்கள். கொல்லிமலைச் சாலையில் சைக்கிள் மிதித்து, என் சாவடியில் சான்று கேட்டவர் இந்த ஆண்டு மாராயி அக்கா ஒருவர்தான். ஏறிய உயரமெல்லாம் சேர்ந்து எவரெஸ்ட் அளவு வர, நேற்றிலிருந்து ஒன்பது முறை மலை ஏறினார். கணக்கைத் திருத்தினால் பதினொரு மீட்டர் குறைகிறது. குறைந்தால் முழு ஏற்றமும் செல்லாது.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

“மறுபடி மொதல்ல இருந்தா?”

“ஆமாங்க்கா.”

“நீ சொல்லலைன்னா யாருக்குத் தெரியும் கண்ணு?”

“யாருக்கும் தெரியாதுங்க்கா.”

“நல்ல ஆளுடா நீ. சரி, அடுத்த மாசம் வர்றேன். டீயில சக்கரையாச்சும் அளந்து போடு.”

பிறகு கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பதினொன்றுதான். ஒவ்வொரு முறையும் மனம் நிம்மதியடைந்தது. அவர் திரும்பி வர வேண்டும் என்றுதான் பிழையைத் தேடினேனோ, தெரியவில்லை.

நாளை யாரும் வரமாட்டார்கள். காலை ஆறு மணிக்கு உயரமானியை, உயரம் பொறித்த அடிவாரக் கல்லில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.