ரிசீவரைத் தூக்கிப் பார்த்த டெலிபோன்

ஹால் டெலிபோனுக்கும் உள்ளறை மோடத்துக்கும் ஒரே லைன்தான். மோடம் இன்டர்நெட்டில் இருந்தால் டெலிபோனுக்கு இருப்புக்கொள்ளாது. நிமிடத்துக்கொரு தரம் ரிசீவரைத் தூக்கி, "என்னப்பா, முடிஞ்சுதா?" என்று கேட்கும்.

"ஐயோ, மறுபடியும் முதல்லேருந்தா!" என்று மோடம் கதறும்.

"ஒரு விண்ணப்பம் அனுப்பத் துப்பில்லை!" என்று டெலிபோன் எரிந்து விழும்.

பொறுக்கமுடியாமல் கம்ப்யூட்டர் கத்தியது: "நீங்க ரிசீவரைத் தூக்குறப்பல்லாம்தான் கனெக்‌ஷன் அறுந்துபோகுது! நம்ம வீட்டு மேகலாவோட வேலை விண்ணப்பம், இன்னிக்குக் கடைசி நாள். இப்பதான் தொண்ணூறு சதவீதம் போயிருக்கு."

டெலிபோனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? இத்தனை நாளும் நானா?

"சேச்சே, இருக்கவே இருக்காது" என்றபடி, நிச்சயம் பண்ணிக்கொள்ள ரிசீவரைத் தூக்கியது.