முதலுதவிப் பெட்டி

ஜெர்மனியில் துணி விற்கிறவர்களின் ஆள் பனியன் கம்பெனியைப் பார்வையிட வரும் நாள் அது. வருஷமெல்லாம் காலியாகத் தொங்கிய முதலுதவிப் பெட்டியைக் காலையில்தான் நிரப்பியிருந்தார்கள். சற்று நேரத்தில் டெய்லர் தெய்வானையின் விரலில் ஊசி இறங்கிவிட்டது.

"ஒரே ஒரு பிளாஸ்திரி குடுங்கண்ணா."

"அதுல கை வெக்காத புள்ள. அவரு பாத்துட்டுப் போகட்டும்," என்றார் சூப்பர்வைசர் மயில்சாமி.

கழிவுத் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தாள். மதியம் வந்தவர் பெட்டியைத் திறந்தார். எதுவும் குறையவில்லை. இங்கே யாருக்கும் காயமே படுவதில்லையா என்று வியந்துபோய் எழுதிக்கொண்டார்.

"சார் நம்மளப் பாராட்டறாரு. எல்லாரும் கை தட்டுங்க!"

தெய்வானை அந்த விரலை மடக்கிக்கொண்டு தட்டினாள்.

மயில்சாமி அவளிடம் குனிந்தார்.

"சத்தமாத் தட்டு புள்ள."