ஏழாவது படியில் தகராறு

"மாதவ், நீ எழுதினதுல ஏழாவது படியைத் தாண்டவே முடியலை" என்றார் மும்பை ஆபீஸ் மேனேஜர் சந்திரமௌலி.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை விண்டோஸ் கம்ப்யூட்டரில் உருவாக்குவது எப்படி என்ற அந்தக் குறிப்பை அவர் ஒப்புக்கொண்டால்தான் மாதவுக்கு வேலை நிரந்தரம். விழுந்து விழுந்து விளக்கம் சேர்த்தான்.

"இப்போ அஞ்சோடயே நின்னுடுத்தே!"

மாதவுக்கு வெறுத்துப்போயிற்று. விளக்கத்தையெல்லாம் வெட்டியெறிந்து, ஒரே பக்கமாக்கி அவரிடம் நீட்டினான்.

மறுநாள் சந்திரமௌலி கை குலுக்கினார். "பேஷ்! கடைசிப் படி வரைக்கும் ஜம்முனு போச்சு. உன் வேலை கன்ஃபர்ம்!"

"சார், எந்தக் கம்ப்யூட்டர்ல பண்ணிப் பாத்தேள்?"

"அரே, கம்ப்யூட்டரா? பிரிண்ட் எடுத்து லோக்கல் ட்ரெயின்லேன்னா படிக்கறேன்! மாடுங்காவுல ஏறினா காட்கோபர் வரதுக்குள்ள முடிய வேண்டாமோ?"