மருந்துத் தண்ணீரைத் தாண்டி

குன்னத்தூர்த் தீவன மில்லில், ஆவியில் வெந்த கருவாட்டுத் தூள் கழுவிவிட்ட தரையில் குவியலாக ஆறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயிலில் அதன் ஆவி சோம்பலாகச் சுருள்கிறது. போன முறை அனுப்பிய லோடு, கிருமி இருக்கிறதென்று திரும்பி வந்ததிலிருந்து வாசலில் ஒரு மருந்துத் தண்ணீர்த் தட்டு. அதில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது. பனியன் துணியில் தைத்த தொப்பியோடு மில் தொழிலாளி சித்ரகலா அங்கே காவல் நிற்கிறாள். இந்த லோடையாவது வாங்கலாமா என்று பார்க்க வந்த கோழிப்பண்ணைக்காரரை அழைத்துக்கொண்டு, முற்றத்துக் கோழி எச்சத்தை மிதித்தபடி முதலாளி பூபாலன் வருகிறார். “ஏனுங்க, காலை நனைச்சுட்டு வாங்க” என்கிறாள். “புது ஷூ கண்ணு. நம்ம மில்லுக்கு நானே கிருமியக் கொண்டாருவனா?” என்று ஒரே தாண்டாகத் தாண்டுகிறார். பண்ணைக்காரரும் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார். பின்னாலேயே முற்றத்துப் பெட்டைக்கோழி ஒன்று வருகிறது. தட்டருகே நின்று, கழுத்தைச் சாய்த்துச் சித்ரகலாவைப் பார்க்கிறது. பிறகு தட்டில் இறங்கி, இரண்டு காலும் நன்றாக நனைய நடந்து, ஈரத் தடம் பதித்தபடி குவியலை நோக்கிப் போகிறது. “ஐயோ, அதை வெரட்டு கண்ணு!” என்று அலறுகிறார் பூபாலன். சித்ரகலா விளக்குமாற்றை எடுக்கிறாள். எடுத்தவள் அவருடைய ஷூவை ஒருமுறை பார்க்கிறாள்.

“அது காலை நனைச்சுட்டுத்தானுங்க வந்துச்சு.”