அடிக்காத மேளம்

செத்த வீட்டில் சத்தமே இல்லை.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனுக்குள் கார் திரும்பியதும் யாரோ ஓடிவந்து மறித்தார்கள். ஹாரன் அடிக்காதே என்று கையாலேயே சொன்னார்கள். சரத் இறங்கி நடந்தான்.

நல்ல பகல். ஆனாலும் தெரு ஒரு மாதிரியாக இருந்தது. டி.வி. இல்லை, குக்கர் விசில் இல்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. தெருமுனையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. வெறுங்காலோடு நின்ற கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்பா கோவிந்தனை வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்கள். தோள் குலுங்கியது, குரல் வரவில்லை.

மேளத்துக்கு அவனேதான் பெங்களூரிலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தான். உயிரோடு இருந்த அப்பாவை வந்து பார்க்க, கல்யாணம் முடிந்த இந்த ஆறு மாதமாக நேரம் கிடைக்கவில்லை. அனுப்பி வைப்பதையாவது ஊர் மெச்சச் செய்ய வேண்டாமா? வந்த மேளக்காரர்களோ மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா இது?" என்றான் பக்கத்து வீட்டு லீலாவிடம். "காலமெல்லாம் மைன்ஸ்ல உழைச்ச மனுசன். அநாதைப் பொணமா இவரு?"

"மெதுவா பேசு தம்பி."

"யாருக்கு பயந்துகினு கீறீங்க எல்லாரும்?"

லீலா தெருக்கோடியில் இருந்த தகர ஷெட்டைப் பார்த்தாள். வாசலில் கோணி தொங்கியது. உள்ளே இருட்டு.

பாடையைத் தூக்கினார்கள். ஷெட்டைத் தாண்டும்போது உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பாடை தோளிலேயே நின்றது. உள்ளே ஏதோ நீளமாகப் பெருமூச்சு விட்டது. மனுஷ மூச்சு இல்லை அது. அது அடங்கிய பிறகுதான் கூட்டம் நகர்ந்தது.

சரத்துக்கு பயம் போய்க் கோபம் வந்தது.

"பேய்க்கு பயந்துகினு எங்கப்பாவை இப்டி அனுப்புவீங்களா?"

ஒரு மேளத்தைப் பிடுங்கிக் குச்சியை ஓங்கினான். லீலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. பாத்துட்டு அப்புறமா அடி."

கோணியை விலக்கினாள்.

இருட்டில் ஒரு குதிரை அந்தரத்தில் தொங்கியது. கண் பழகிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. வயிற்றுக்கடியில் கேன்வாஸ் பட்டை கொடுத்து உத்தரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். முன்னங்காலில் பெரிய மாவுக்கட்டு.

"காலு ஒடஞ்சிடுச்சு. ஊசி போட்டு முடிச்சிடலாம்னாங்க. குதிரைக்காரனே வேணாம்னு விட்டுட்டுப் பூட்டான். உங்கப்பாதான் விடலை. இப்பதான் எலும்பு கூடிகினு வருது. மிரண்டு ஒரு தபா ஒதைச்சாலும் அவ்ளோதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான், என் சாவுக்குக்கூட மோளம் வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

குதிரையை ஒட்டி அப்பாவின் கயிற்றுக் கட்டில். அதன்மேல் அவருடைய துண்டு, இன்னும் மடிக்காமல்.

சரத் உள்ளே காலெடுத்து வைத்தான். ஷூ சத்தத்துக்குக் குதிரை திரும்பியது. அவனையே பார்த்தது. காதை ஒடுக்கிக்கொண்டு உடம்பு முழுக்க நடுங்கியது.

"புது ஆளுன்னு மிரளுதாக்கா?"

லீலா குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"புது ஆளா? உன் கல்யாண ஊர்வலத்துல உன்னைச் சுமந்துகினு வந்த குதிரை தம்பி இது. உன் ஃப்ரெண்டுங்க காலடியில சரவெடி கொளுத்திப் போட்டதும் மிரண்டு சாக்கடையில விழுந்துச்சே! நீ எழுந்து கோட்டைத் தட்டிகினு கார்ல ஏறிப் போயிட்டே. 'அவன்கிட்ட சொல்லாதீங்க, புது மாப்ள, மனசு நோவும்'னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான், உங்கப்பா இங்க வந்து படுத்தாரு."