ஓடிப்போகும் ஃபோகஸ்

“பேட்டரி முழுசா ஏறட்டும். அப்டேட் பாதியில அணைஞ்சு போச்சுன்னா அப்புறம் இந்தக் கேமராவைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் வெச்சுக்கணும்” என்றாள் ஸ்டுடியோக்காரரின் மனைவி.

ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். காலையிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெரிய இடத்துக் கல்யாணம். கேமராவோ சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மணப்பெண் முகத்தில் ஃபோகஸ் வைத்தால், பட்டனை அழுத்தும் நேரம் பார்த்து அது நழுவிப் பின்னால் ஓடிவிடுகிறது. போன கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் புகைமூட்டமாக விழ, ஓரத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற இவர் மனைவி மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தாள். பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, கல்யாணம் யாருக்கு என்று கேட்டார்.

பழைய லைட்மேன் வேலையை விட்டுப் போய், அவருக்குப் பதில் இவள் வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. ஆகவே இவள்தான் காரணம் என்று ஸ்டுடியோக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். விளக்கை ஆட்டுகிறாளாம், வேண்டுமென்றே படத்துக்குள் வந்து நிற்கிறாளாம். நாளைக்கு வேறு லைட்மேனுக்குச் சொல்லியும் விட்டார். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் அடைந்து கிடந்தவளுக்கு வெளிவேலை பிடித்திருந்தது. அதைவிட, அவரோடு சேர்ந்து போய் வருவது பிடித்திருந்தது.

“கடைசியா இந்த அப்டேட்டைப் போட்டுப் பார்த்துடலாம். அப்பவும் சரியாகலைன்னா நான் கடையோட இருந்துக்கறேன்.”

கேமராவை உள்ளே இருந்து ஓட்டுகிற மென்பொருளுக்குக் கம்பெனி புதுப் பதிப்பு விட்டிருந்தது. முகத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்வதில் இருந்த கோளாறெல்லாம் போய்விடும் என்று அதில் போட்டிருந்தது. ஆனால் அப்டேட் செய்தால் பழைய செட்டிங்ஸ் அத்தனையும் அழிந்துபோய்விடுமாம். அதைக் கேட்டதும் ஸ்டுடியோக்காரர் கேமராவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் எடுக்கிற படங்களில் முகத்துக்கு வருகிற நிறம் வேறு யார் எடுத்தாலும் வராது. வருடக்கணக்காகத் திருகித் திருகி அவர் உண்டாக்கி வைத்திருந்த நிறம் அது.

“அதுல ஒண்ணு தொலைஞ்சாலும் நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்” என்றார்.

“ஒண்ணுகூடத் தொலையாது. உள்ள இருக்கறதை அப்படியே கார்டுல சேவ் பண்ணிட்டுத்தான் கை வைப்பேன்.”

சொன்னபடியே செய்தாள். ஒரு கார்டில் செட்டிங்ஸை எல்லாம் சேமித்துத் தனியாக எடுத்து வைத்தாள். இன்னொரு கார்டைச் சுத்தமாக அழித்து, கேமராவின் மாடல் சரிதானா என்று பார்த்து, புதுப் பதிப்பை அதில் ஏற்றினாள். கார்டைக் கேமராவில் போட்டு அழுத்தியதும் திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. ஸ்டுடியோக்காரர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நடுவில் எதையோ அழுத்தப் போன அவர் விரலைத் தட்டிவிட்டாள்.

ஒரு வழியாக முடிந்தது. பாஸ்போர்ட் படத்துக்காக வந்து காத்திருந்த வக்கீலை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக்காக, கல்யாணத்தில் நின்ற மாதிரியே அவருக்குப் பின்னால் இவள் விளக்கோடு நின்றாள். ஸ்டுடியோக்காரர் அழுத்தினார். வக்கீலின் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. பின்னால் நின்ற இவள்தான் மங்கலாக இருந்தாள்.

கோளாறு போய்விட்டது. ஸ்டுடியோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிறம் மட்டும்தான் தன் நிறமாக இல்லை என்று சொல்லி, சேமித்து வைத்த செட்டிங்ஸைத் திரும்ப ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். மறுபடி அழுத்தினார்.

நிறம் வந்துவிட்டது. வக்கீல் போய்விட்டார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுமூட்டை மாதிரி ஏதோ இருந்தது. பின்னால் இவள் பளிச்சென்று நின்றாள்.

“நான் வெளிநாடு போகத்தான் படம் கேட்டேன், தலைமறைவாகறதுக்கு இல்ல” என்றார் வக்கீல்.

“அப்போ கோளாறு என்கிட்ட இல்ல, கேமராகிட்டயும் இல்ல. நீங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்களே, அந்த செட்டிங்ஸ்லதான் இருக்கு” என்று சொல்லி அவள் கேமராவைக் கையில் வாங்கினாள். ஒவ்வொரு மெனுவாகத் திறந்துகொண்டே போனாள். ஸ்டுடியோக்காரர் முதலில் அலட்சியமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்ன ஞாபகம் வந்ததோ, இருக்கட்டும் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேமராவைப் பிடுங்க வந்தார். அதற்குள் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். ‘பதிவு செய்த முகங்கள்’ என்று தலைப்பு. கூட்டத்தில் எத்தனை பேர் நின்றாலும், இதில் பதிந்திருக்கிற முகத்தைத்தான் கேமரா முதலில் தேடிப் பிடிக்கும். ஒரே ஒரு முகம்தான் பதிவாகியிருந்தது.

அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் விளக்கின் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

“அந்தப் புது லைட்மேனை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. நாளைக்கு லைட்டை நீங்க பிடிங்க, படம் நான் எடுக்கறேன்” என்றாள். அவர் உடனே தலையை ஆட்டினார்.

“அதை அழிச்சிட்டா வேலை முடிஞ்சுதேம்மா” என்றார் வக்கீல்.

அவள் அழிக்கவில்லை. திரையில் இருந்தது, வேலைக்கு மனுப்போட ஒரு படம் வேண்டும் என்று முன்பின் தெரியாத இந்தக் கடைக்குள் முதன்முதலாக நுழைந்த நாளில், கழுத்துவரை பொத்தான் போட்ட நீலச் சட்டையில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய முகம். தம்பிக்கு ஒன்றுமே தெரியாது, நாங்களாகத்தான் தேடிப் பிடித்தோம் என்று சொல்லி, அவருடைய அக்கா இவளைப் பெண் கேட்டு வந்தது அதற்கு அடுத்த வருடம்.