வாசலில் ஒரு ஜோடி காலணி

“வெளியே வாங்க பாஸ்டரம்மா. இருநூறு முட்டைக்கோஸ் உப்புத் தண்ணியில கிடக்கு.”

மியோங்சுக் மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள். சபையின் சமையற்கட்டே அவள் ராஜ்ஜியம். அவளுக்குப் பின்னால் ரப்பர் கையுறைகளைக்கூடக் கழற்றாமல் எட்டுப் பெண்கள் நின்றார்கள். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள் இன்று.

தனியாக ஜெபிக்க வருபவர்களுக்கென்றே அந்த ஜெப மலையில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் உட்கார முடியும். வாசலில் காலணி இருந்தால் அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. இந்த வாசலில் இருந்தது ஒரு பழுப்புக் காலணி ஜோடி, இடது குதிகால் தேய்ந்தது. பாஸ்டரம்மா யூன்ஜுவின் காலணி. பதினொரு வருடமாகச் சபைக்காக அது ஓடாத இடமில்லை.

“மிளகாய்த்தூள் அறைச் சாவியையும் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்திருக்காங்க. போனும் எடுக்கல,” என்றாள் மியோங்சுக். “கர்த்தர் இதைக் கேக்க மாட்டாரா?”

பக்கத்து அறையில் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்த யாரோ உரக்க, “ஆமென்” என்றார்.

எட்டுப் பேரில் ஒருத்தியான பில்யே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மியோங்சுக் முறைத்ததும் நிறுத்தினாள்.

“போன ஞாயிறு சாப்பிடும்போது சொன்னாங்களே அக்கா, தனியா ஜெபிக்க ஒரு மணி நேரம் வேணும்னு. நாமதான் சிரிச்சோம்.”

“சிரிக்காம? தினமும் விடியக்காலையில ஜெபக் கூட்டம் நடக்குதே, அது என்னவாம்?”

“அதுல அவங்க பியானோ வாசிக்கிறாங்க. முடிஞ்சதும் நமக்குக் காபி போடுறாங்க.”

“நீ எந்தப் பக்கம்டி?”

பில்யே மலையடிவாரத்தைப் பார்த்தாள். கீழே, இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே, அவர்களுடைய ஆலயத்தின் சிலுவை தீக்குச்சி அளவில் தெரிந்தது.

மியோங்சுக், பாஸ்டர் தேசொப்பிடம் திரும்பினாள். வேனை ஓட்டி அவர்களைக் கூட்டிவந்தவர் அவர்தான். கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

“நீங்க கூப்பிடுங்க பாஸ்டர். உங்க சம்சாரம்தானே.”

“நான் கூப்பிட மாட்டேன்.”

“பார்த்தீங்களா, இவருக்கே எவ்வளவு கோபம்னு,” என்று அவள் கதவிடம் சொன்னாள். “உங்களால இன்னைக்கு ஆலயத்துல ஈ காக்கா இல்ல. எல்லாரும் வேலையைப் போட்டுட்டு மலையேறி வந்து நிக்கிறோம். ஊழியக்காரர் பொண்டாட்டிக்கு ஓய்வு கேக்குதா? நான் கேட்டேனா? என் மாமியார் செத்த அன்னைக்கும் முப்பது பேருக்குச் சோறு வடிச்சேன்.”

கதவு அசையவில்லை.

அவள் திட்டத் திட்ட, வாயிலிருந்து ஆவி பறந்தது. போன கிறிஸ்துமஸில் கேக் கருகியது முதல் பாடகர் குழுவின் அங்கி சுருங்கியது வரை எல்லாம் வெளியே வந்தது. மற்றப் பெண்களும் ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். பிறகு தொண்டை கட்டிப்போய், ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

“உப்பு ஏறிடும் பாஸ்டர்,” என்றாள் மியோங்சுக், கரகரத்த குரலில். “இருநூறும் பாழ்.”

“ஏறட்டும். நானே தின்னுக்கிறேன்.”

தேசொப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். நேராக வந்து, யாரும் தொடக்கூடாத அந்தக் கதவை இழுத்துத் திறந்தார். பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு மெத்தை, ஒரு வேதாகமம். ஆள் இல்லை.

அவர் குனிந்து காலணிகளை எடுத்துத் தூசி தட்டினார். கோட்டுப் பையிலிருந்து மிளகாய்த்தூள் அறைச் சாவியை எடுத்து மியோங்சுக்கின் கையுறைமேல் வைத்தார்.

“இந்தக் காலணியைக் காலையில இங்க கொண்டுவந்து வெச்சது நான்தான். தனியா ஜெபிக்க ஒரே ஒரு மணி நேரம் ஆலயம் காலியா இருக்கணும்னு யூன்ஜு கேட்டா. உங்க எல்லாரையும் அங்கிருந்து வெளியேத்த எனக்கு வேற வழி தெரியல.”